பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய சக்கரங்களும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் முதலில் டயரின் பட்டனைத்தான் பார்க்கின்றனர். அதிகம் ஓடாமல் கொட்டகையிலேயே நின்ற வண்டியில் பட்டன் தேயாமலே இருக்கும், ரப்பரோ இறுகியிருக்கும். அத்தகைய டயர் ஈரச் சாலையில் பிடிமானம் இழக்கும். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களே உண்மையான வயதைச் சொல்லும்: 2317 எனில், அது 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் உருவானது.

ரிம்மை அழகு கருதிப் பெரிதாக்குவது வழக்கம். நம் சாலைக் குழிகளுக்கு ஏற்றது அதற்கு நேர்மாறான வழி. 255/35 ஆர் 19 டயரின் பக்கச்சுவர் உயரம் 89 மி.மீ.; 255/40 ஆர் 18 டயருக்கு 102 மி.மீ. மொத்த விட்டம் இரண்டுக்கும் ஏறத்தாழ 661 மி.மீ. என்பதால் வேகமானி பிசகாது. போல்ட் அமைப்பும் ஆஃப்செட்டும் பொருந்தி, பிரேக் காலிப்பரும் உள்ளே அடங்குமானால், 18 அங்குலமே தக்க தேர்வு. குழியில் இறங்கும்போது ரிம் நெளியாமல் காப்பது அந்த 13 மி.மீ. கூடுதல் உயரமே.