பாட்டிகள் கையில் மிஞ்சிய தையல்

அரூரில் பஸ் ஏறி, கோட்டப்பட்டி தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து கொள்ளுங்கள். ஒரு பக்கம் கல்ராயன் மலை, மறு பக்கம் சித்தேரி மலை, நடுவே சாமையும் ராகியும் பருத்தியும். அதுதான் தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கி. இங்கே பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள், பேசுவது தமிழ்!) நான் பார்க்கப் போனது லம்பாடிகளின் தண்டாவை.

எருதுகளின் மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய்ப் போனவர்கள் லம்பாடிகள். ரயில் வந்தது, அந்தப் பிழைப்பு போயிற்று. ஊர் ஊராய்ப் போகிற பெண்ணுக்கு உடுத்திய துணிதானே சொத்து! பாவாடை, ரவிக்கை, முக்காடு எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைத்தார்கள்.

ஈரானின் கஷ்காய் நாடோடிப் பெண்களும் இப்படித்தான். ஆட்டு மந்தையோடு இடம் மாறும்போது சுருட்டி எடுத்துப் போக வசதியாய்த் தறியைத் தரையில் படுக்க வைத்து, அம்மாவிடம் பார்த்த நினைவிலேயே கம்பளி முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பழைய கம்பளங்களுக்கு இன்று ஏக கிராக்கி. அவர்கள் வாழும் ஃபார்ஸ் வட்டாரத்துக் கம்பளக் கலையை யுனெஸ்கோ 2010-ல் தன் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

சிட்லிங்கியிலோ பெண்கள் புடவைக்கு மாறினார்கள். தையல் தெரிந்தவர்கள் என்று வயதான ஓரிருவர்தான் மிச்சம். டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் இங்கே கூரைக் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கிய தம்பதி. லலிதாவின் முயற்சியில் இளம் பெண்கள் அந்த மூத்தவர்களிடம் தையல் பழகினார்கள். 'போர்கை' என்ற கைவினைப் பெண்கள் சங்கம் பிறந்தது. லம்பாடிப் பேச்சில் போர்கை என்றால் பெருமை.

"என்ன கண்ணு, தூரமா நின்னு பாக்கற? கிட்ட வா" என்றார் ஒரு பாட்டி. கோடு கிடையாது, அச்சு கிடையாது. விரல் இழையை எண்ணுகிறது, ஊசி பின்னாலேயே போகிறது. அடேயப்பா, என்ன வேகம்! பக்கத்தில் பேத்தி வயசுப் பெண் ஒருத்தி, மடியில் குழந்தை தூங்க, தலையணை உறைக்கு ஓரம் கட்டிக் கொண்டிருந்தாள். திருப்பூர் மில்லுக்குப் போகாமல் வீட்டிலேயே நாலு காசு. கழுத்து வலிக்குமே என்றேன். "நடுவுல எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வருவேங்க" என்று சிரித்தாள்.

நீங்கள் வாங்கினால் தயவு செய்து பேரம் பேசாதீர்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரியைப் பின்பக்கம் மட்டும் போடுங்கள்.