வாளில்லாத சிங்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தில் ஒரு அம்மாயி இருக்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும்போது சேலைக்கு மேலே ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொள்வாள். முன்னும் பின்னும் 81 என்று பெரிதாக எழுதியிருக்கும். கைப்பக்கம் ஒரு சிங்கம் பாயும். இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டினால் பாதி இலக்கம் மறைந்துபோகும், சிங்கம் மட்டும் மறையாது. பதுளையில் பாதையோரம் கொட்டி விற்கிற பழைய உடுப்புக் குவியலில் பேரம் பேசி எடுத்ததாம். மடுல்சீமைக் குளிருக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை என்பது அவளுடைய கட்சி.

சிங்கத்தை நம் நாட்டில் யாரும் சும்மா பார்த்துவிட்டுப் போவதில்லை. நாட்டுக் கொடியில் இருப்பது என்றார் கடைக்காரர். கிரிக்கெட்காரர்களின் பயிற்சிச் சட்டை என்றான் ஒரு பொடியன். ஏதோ புதுக் கட்சி கொடுத்தது என்றார் தோட்டத் தலைவர். அவருக்கு எல்லாச் சட்டையும் தேர்தல் சட்டைதான். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அந்தச் சிங்கத்தின் கையில் வாள் இல்லையே! 1948இல் பாட்டன்மாரின் பிரஜாவுரிமை பறிபோன குடும்பங்களில் பிறந்தவர்கள் நாங்கள். சிங்கம் வாளோடு நிற்கிறதா, வெறுங்கையோடு ஓடுகிறதா என்பதைக் கொஞ்சம் உற்றுத்தான் பார்ப்போம்.

கொழும்பில் படிக்கிற மருமகன் லீவுக்கு வந்தபோது போனில் தேடிச் சொன்னான். அது அமெரிக்கச் சிங்கம். டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியுடையது. 81 என்பது கால்வின் ஜோன்சன் என்ற ஆட்டக்காரரின் இலக்கம். அவன் அதோடு போனை மூடியிருந்தால் எனக்கு எத்தனையோ ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும். "மாமா, இந்த டீம் ஒரு வருசம் ஒரு மெச்கூட ஜெயிக்கல" என்று சேர்த்துச் சொல்லிவிட்டான்.

வென்றவர்களின் கதை எனக்கு எப்போதும் அவ்வளவு ருசிப்பதில்லை. எல்லா வெற்றிக் கதையிலும் கடைசிப் பக்கம் ஒன்றுதான். ஒன்றைக்கூட ஜெயிக்காமல் ஒரு பருவம் முழுவதையும் ஆடி முடிப்பதற்கு வேறு மாதிரி நெஞ்சு வேண்டும்.

அவர்கள் ஆடுகிற இந்த நீள்வட்டப் பந்து எங்கள் பக்கம் உருளாத பந்தும் இல்லை. தொரைமார் காலத்தில் பதுளையில் ஊவா ஜிம்கானா கிளப் என்று வைத்துக்கொண்டு ரக்பி ஆடினார்கள். திம்புள்ள, டிக்கோயாத் தொரைமாரோடு கிளிஃபோர்ட் கிண்ணத்துக்காக மோதினார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் வேலை. அந்த ரக்பியிலிருந்து பிரிந்து போனதுதான் அமெரிக்க ஆட்டம். 1880களில் வால்ட்டர் கேம்ப் என்பவர் புகுத்திய விதிகள் அதைத் தனி ஆட்டமாக்கின. இத்தனை தடவைக்குள் இத்தனை யார் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும். இன்றைய கணக்கு 4 தடவையில் 10 யார். சந்தேகம் வந்தால் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டிய 10 யார் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மைதானத்துக்குள் வருவார்கள். சங்கிலியை இழுத்துப் பிடிப்பார்கள். பந்தின் மூக்கு ஒரு விரற்கடை பிந்தி நின்றாலும் பிந்தியதுதான். 2025 முதல் இதைக் கமெராக்கள் அளக்கின்றனவாம், சங்கிலி ஒரு துணைக்கு நிற்கிறதாம். இங்கேயும் கொழுந்து நிறுவைக்கு டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிற வழக்கம் மட்டும் பழைய தராசு காலத்தது.

சரி, மருமகன் சொன்ன அந்த வருசம் 2008. பருவம் தொடங்குமுன் கணக்கில் சேராத பயிற்சி ஆட்டங்கள் உண்டு. டெட்ராய்ட் அந்த நான்கிலும் வென்றது! செப்டெம்பரில் நிஜமான கணக்கு தொடங்கியதும் தோற்கத் தொடங்கியது. மூன்று தோல்வியானதும் அணியின் நிர்வாகியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் போனபிறகும் தோல்வி போகவில்லை. டிசம்பர் 28ஆம் திகதி கிரீன் பேயில் 31-21 என்று கடைசியாகத் தோற்றபோது கணக்கு 16க்கு 16. பருவத்துக்கு 16 ஆட்டம் என்று ஆன 1978 முதல் அதுவரை அப்படி யாரும் தோற்றதில்லை.

அந்தப் பதினாறில் என்னைப் பிடித்துக்கொண்டது ஒக்டோபர் 12ஆம் திகதி ஆட்டம். மினசோட்டா அணியோடு. டான் ஒர்லாவ்ஸ்கி என்ற பையன்தான் டெட்ராய்ட் குவாட்டர்பேக். பந்தை வாங்கி யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவன் அவன். தன் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு அருகில் நின்று பந்தை வாங்கினான். எதிரணியின் ஜாரெட் அலன் என்ற பெரிய ஆள் துரத்திக்கொண்டு வந்தார். பையன் பின்வாங்கி வலப்பக்கமாக ஓடினான். அந்த ஓட்டத்தில் மைதானத்தின் பின்கோட்டையே தாண்டிவிட்டான். தாண்டியது அவனுக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று இன்னும் யாருக்கு எறியலாம் என்று தேடிக்கொண்டிருந்தான். அதற்குத் தண்டனை எதிரணிக்கு 2 புள்ளி. ஆட்டம் முடிந்தபோது மினசோட்டா 12, டெட்ராய்ட் 10.

மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எங்கள் தோட்டத்து மைதானம் ஞாபகத்துக்கு வந்தது. மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்கிற பெயர். ஸ்டோருக்கு மேலே மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண் சுவர். மறுபக்கம் விளிம்பு, விளிம்புக்குக் கீழே நேராகத் தேயிலை மலை. பொங்கலுக்கு மறுநாள் பக்கத்துத் தோட்டத்தோடு கிரிக்கெட் நடக்கும். நடுவர் எங்கள் கணக்கப்பிள்ளை, கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர் போடுகிறவர். அவரைவிட்டால் இரண்டு தோட்டமும் பயப்படுகிற ஆள் வேறு யாருமில்லை.

ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துக்காரன் பந்தை வானத்துக்குத் தூக்கினான். ஸ்டோரில் வேலை செய்த அண்ணன் ஒருவர் விளிம்புப் பக்கம் நின்றார். பந்தையே பார்த்தபடி ஓரடி பின்னால் போனார், இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி. பிறகு ஆளைக் காணோம். தேயிலைச் செடி முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் ஐயோ என்று எழுந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் விளிம்புக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் பந்து. பின்னால் தலை வந்தது, தலை நிறைய இலையும் வாதும்.

அவுட்டா, சிக்ஸரா? யாருக்குத் தெரியும்! பிடித்த பிறகு விழுந்தாரா, விழுந்தபிறகு பொறுக்கினாரா என்று பார்த்தவர் யாரும் இல்லை. கணக்கப்பிள்ளை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"பந்தப் புடிச்ச நேரம் ஒன் காலு எங்க இருந்துச்சு?"

"காலு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நா ஏன் அய்யா விழுறேன்?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "அரை அவுட்டு போட்டுருங்க அய்யா! எங்களுக்குத் தெனமும் அரப்பேருதான போடுறீங்க!"

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. கணக்கப்பிள்ளை குடையை எடுத்துக்கொண்டு நடந்தவர்தான், பிறகு நடுவராக நிற்க வரவேயில்லை. தீர்ப்பு என்னவானது என்பதை இன்றைக்கும் இரண்டு தோட்டத்திலும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒர்லாவ்ஸ்கி இப்போது தொலைக்காட்சியில் இந்த ஆட்டத்தை அலசிச் சொல்கிறவராக இருக்கிறார். அந்த ஓட்டத்தைப் பற்றித் தானே கேலி பேசுகிறார். எங்கள் அண்ணனும் அப்படித்தான், சாகும்வரை அந்தப் பிடியை நடித்துக் காட்டுவார். விளிம்பைத் தாண்டியவர்களுக்குத்தான் சொல்லக் கதை கிடைக்கிறது.

டெட்ராய்ட் அணியின் அன்றைய உரிமையாளர் ஹென்றி ஃபோர்டின் பேரன், வில்லியம் கிளே ஃபோர்ட். விளையாட்டரங்கின் பெயரே ஃபோர்ட் ஃபீல்ட். அதே 2008 நவம்பரில் டெட்ராய்டின் மூன்று கார்க் கம்பனித் தலைவர்களும் தனித்தனி விமானத்தில் வொஷிங்டனுக்குப் பறந்துபோய் அரசாங்கத்திடம் கடன் கேட்டார்கள். ஊரில் ஆலைகள் ஆட்டம் கண்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சனம் அரங்குக்குப் போயிருக்கிறது. விடிந்தால் பிரட்டுக்களத்துக்குப் போய் நிற்கிற எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை கொடுப்பார்களா என்று பார்த்துவிட்டா போகிறோம்?

81ஆம் இலக்கக்காரர் அந்தக் கேவலமான பருவத்திலும் 1,331 யார் பந்து பிடித்து 12 முறை கோடு கடந்திருக்கிறார். 2015ஆம் ஆண்டுப் பருவத்தோடு முப்பது வயதிலேயே உடம்பு போதும் என்று ஓய்ந்தார். ஒப்பந்தப் போனஸில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டச் சொன்னது அணி. பத்து லட்சம் டாலருக்கு மேல். வருசக்கணக்கில் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு இருந்தது. இதை அம்மாயியிடம் சொன்னேன். அவள் ஓய்வு பெற்றபிறகும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறவள். சேவைக்காலப் பணத்துக்காகக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். "கோடீஸ்வரனையே இப்புடிப் பண்றானுங்களா?" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி!

என்னை வாய்பிளக்க வைத்தது வேறொன்று. அந்த அணி ஆடும் லீக்கில் கடைசியாக வந்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தேசியத் தொலைக்காட்சிப் பணத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. வென்றவனுக்கும் பதினாறும் தோற்றவனுக்கும் ஒரே பங்கு. ஆட்டக்காரர் சம்பளத்துக்கும் எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இப்படியொரு சமதர்மம்! இங்கே குறித்த கிலோவை எடுக்காதவளுக்கு அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் பல தோட்டங்களில் கிலோவை ஏற்றிவிட்டார்கள். விளைச்சல் குறைந்த மலைக்கு உரம் போகாது. உரம் போகாத மலை மானாப்புல்லாகி, பன்றிக்கும் சிறுத்தைக்கும் சொந்தமாகும். பின்தங்கியவனுக்கு முதல் பங்கு என்று இந்த மலையில் ஒருநாள் சொல்லிப் பார்க்க வேண்டும். கங்காணியே சிரிப்பார்.

அந்த முதல் உரிமையில் டெட்ராய்ட் 2009இல் மத்தியூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. 12 பருவம் ஆடினார். நொக்அவுட் சுற்றில் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை. 2021இல் அவரை லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்து, அங்கிருந்த ஜாரெட் கொஃபையும் எதிர்காலத் தெரிவு உரிமைகள் சிலதையும் வாங்கிக்கொண்டார்கள். போன முதல் பருவத்திலேயே ஸ்டாஃபோர்ட் சுப்பர் போல் வென்றார்.

இரண்டு முதலாளிகள் மேசையில் உட்கார்ந்து ஆளை மாற்றிக்கொள்கிற இந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களை வைத்துச் செய்துகொண்டதும் இதே மாதிரிக் கணக்குத்தான். 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஸ்டாஃபோர்டையாவது கேட்டிருப்பார்கள். எங்களை யார் கேட்டது! பதுளையில் ஏறிய கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்றே சொன்னார்கள். தலைமன்னாரில் கப்பல். எங்கள் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் போய்க் கூடலூரில் இறங்கியது. திரும்பவும் தேயிலை, திரும்பவும் லயம்.

2024 ஜனவரி 14ஆம் திகதி ஸ்டாஃபோர்ட் எதிரணிக்காரராக ஃபோர்ட் ஃபீல்டுக்கு வந்தார். 12 பருவம் தங்களுக்காக அடிபட்டவரைப் பார்த்து டெட்ராய்ட் சனம் ஊளையிட்டது. ஊரார் வாயில் கொஃபின் பெயர். டெட்ராய்ட் 24-23 என்று வென்றது. 32 ஆண்டுகளில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நொக்அவுட் வெற்றி. ஊளையிட்டது சரியா என்று மருமகன் கேட்டான். சொந்தம் எது, எதிர்க்கட்சி எது என்று சொல்ல நான் தகுந்த ஆளில்லை என்றேன். எங்கள் குடும்பத்திலேயே அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் கூடலூர்ச் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி, பிறகு ஒருமுறை இங்கே வந்திருந்தபோது 1996 மார்ச் 13 பற்றிப் பேச்சு வந்தது. கல்கத்தாவில் உலகக்கிண்ண அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும். 252 அடித்தால் வெற்றி என்ற நிலையில் டெண்டுல்கர் 65இல் ஸ்டம்ப் ஆனதோடு இந்தியா சரிந்தது. 8 விக்கெட்டுக்கு 120 என்றபோது கூட்டம் போத்தல் எறிந்தது. ஆட்ட மத்தியஸ்தர் கிளைவ் லொய்ட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி கொடுத்தார். மடுல்சீமைக் கடையில் டீவிக்கு முன்னால் நின்ற எங்களுக்கு, டெண்டுல்கர் போனபோதே சோறு இறங்கவில்லை. ஆனால் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. அந்தச் சோக முகத்தோடு ஒரு தமிழன் வெளியே நடமாட முடியுமா? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பட்டாசு வாங்கி, பொலிஸ் காதில் விழுகிற மாதிரி பஜாரிலேயே கொளுத்தினோம்.

தம்பி இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தான். அங்கே அவனை எல்லோரும் சிலோன்காரன் என்றுதான் கூப்பிடுவார்களாம். அன்று ராத்திரி சந்தோசத்தில் அவனுக்குத் தூக்கமே இல்லையாம். "வெளிய காட்ட முடியுமாண்ணே? அழுற மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுக் குந்தியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரரு வந்து, வுடு தம்பி, அடுத்த தடவ நாம ஜெயிப்போம்னு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனாரு."