அப்பாவுக்குக் கேட்காத வசனம்

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் சுத்தியல் சத்தம். அப்பாவுக்குக் காது மந்தம். கம்ப்யூட்டரில் படம் போட்டால், "என்னடா சொல்றான்?" சத்தத்தைக் கூட்டினாலோ, சண்டைக் காட்சியில் பக்கத்து வீடே எழுந்துவிடும்!

விஷயம் இதுதான் மக்களே. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு. நம்மிடம் இருப்பதோ ரெண்டே ரெண்டு. எல்லாம் அதிலேயே கலப்பதால் பின்னணி இசை பேச்சை அமுக்கிவிடுகிறது.

மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஸ்பீக்கர்களை முன்னே இழுத்து, காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகங்கள்மேல் காதுயரத்துக்கு ஏற்றினேன் (எதற்காவது உதவட்டுமே!). அப்புறம் விஎல்சி-யில் கம்ப்ரெஸர். பெரிய சத்தம் அடங்கும். அதற்குமேல் வால்யூமைக் கூட்டினால் பேச்சு தெளியும்.

நேற்று 'குருதிப்புனல்' போட்டோம். 1995-ல் வந்தது, பாட்டே கிடையாது, பேச்சு போனால் படமே போச்சு. அரை மணி நேரம் அப்பா வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னார்:

"சத்தத்தைக் கொஞ்சம் குறைடா."