பேஸ் கிட்டாருக்குப் புதுப் பிக்கப்: ரிப்பேர் மேசையில் ஒரு மதியம்

சாலிகிராமத்துச் சந்து ஒன்றில், மாடியில் இருக்கும் அந்த ரிப்பேர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. படியேறும்போதே சால்டர் புகை மூக்கில் ஏறுகிறது. என்னோடு வந்த தம்பி மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். கையில் இருந்தது ஜாஸ் பேஸ் வகை. 1960இல் ஃபெண்டர் கொண்டுவந்த அந்த வடிவத்தின் மலிவான நகல்.

"பிக்கப்ல சவுண்டே இல்லண்ணே. ரெண்டையும் மாத்திடலாம்."

கடைக்காரப் பெரியவர் கிட்டாரை வாங்கி ஆம்பில் சொருகினார். "சவுண்டே இல்லையா, உனக்கு வேணும்ங்கிற சவுண்ட் இல்லையா?" தம்பி யோசித்தார். கேள்வி சரியானதுதான். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சுருள். மேலே இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. தந்தி தள்ளியிருந்தால் மின்னோட்டமும் மெலிந்துதான் வரும்.

பெரியவர் தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே சிறிய எஃகு ஸ்கேலை நுழைத்தார். ஜி தந்திப் பக்கம் 5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. 2, 3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மூலை ஸ்க்ரூக்களைத் திருப்பி ஏற்றியதும் சத்தம் நிமிர்ந்தது. அதற்காக ஒரேயடியாக ஏற்றிவிடவும் கூடாது. காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் கீழ் ஸ்வரங்கள் தள்ளாடும்.

"பாதிப் பேருக்கு இதோட வேலை முடிஞ்சுது. எனக்குத்தான் வியாபாரம் போச்சு" என்று சிரித்தார்.

தம்பியின் வேலை முடியவில்லை. அவருடைய உண்மையான தொல்லை ஹம். திருவிழா மேடையில் பக்கத்தில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டிம்மர் விளக்குகள். இரண்டு வால்யூமும் முழுசாக இருக்கும்வரை அமைதி. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்து வாசிக்கத் தொடங்கினால் கொர்ரென்று இரைச்சல். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் புகழ்பெறச் செய்த அந்த மூக்கடைத்த, முன்னால் வந்து நிற்கும் தொனி அந்த ஒற்றைப் பிக்கப்பில்தான் இருக்கிறது. தம்பிக்கு அதை விட மனசில்லை.

காரணம் ஜாஸ் பேஸின் அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டு பிக்கப்பில் ஒன்றைச் சுருளும் காந்தமும் எதிர்த்திசையில் இருக்குமாறு செய்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது தந்தியின் ஒலி கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றதற்குத் துணை போய்விடும். 1957இலிருந்து ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸில் வரும் பிக்கப் இரண்டு துண்டாக இருப்பதும் இதே கணக்குதான். ஆனால் அங்கே துணை எப்போதும் கூடவே இருக்கிறது.

தம்பி போனில் இரண்டு பிக்கப்பை எடுத்துக் காட்டினார். "இது 7 கே, இது 10 கே. பத்துதானே பவர் ஜாஸ்தி?" கடைக்காரர்களும் இப்படித்தான் விற்கிறார்கள். எனக்கு இந்த எண்மேல் நம்பிக்கை இல்லை. அது கிலோ ஓமில் கம்பியின் மின்தடை, சத்தத்தின் அளவு அல்ல. கம்பியை இன்னும் மெல்லியதாக்கினாலே எண் ஏறும். சுற்று கூடினால் சத்தம் கொஞ்சம் கூடும், மேல்தொனியின் பளிச்சென்ற தெளிவு குறையும். அவ்வளவுதான்.

ஹம் போக மூன்று வழி. ஒரு சுருளுக்குக் கீழே இன்னொன்றை அடுக்கிய ஸ்டாக் வகை. ஒரே உறைக்குள் இரண்டு தந்திக்கு ஒரு சுருளாகப் பிரித்த ஸ்ப்ளிட் வகை. மூன்றாவது ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப், 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. பெரியவர் டிராயரிலிருந்து ஸ்டாக்கும் ஸ்ப்ளிட்டும் எடுத்து, கிளிப் ஒயர் போட்டு மாற்றி மாற்றிக் காட்டினார். ஸ்டாக், பழைய ஒற்றைச் சுருளின் குணத்துக்கு அருகில் இருந்தது. ஆனால் என் காதுக்குச் சற்று மெலிவு. ஸ்ப்ளிட்டில் நடுத்தொனி திடமாக நின்றது. தம்பி எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் வருவது மாதிரி ஒரு நடையை ஓட்டினார். கீழே தவில் போட்டாலும் அமுங்காத ஒலி. ஆக்டிவ் இன்னும் சுத்தமானதுதான், மேடையில் பேட்டரி தீர்ந்தால் வாயடைத்துவிடும்.

பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸ் ஒலி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளின் ஜாஸ் பேஸ்களில் பிரிட்ஜ் பிக்கப், பிரிட்ஜை நோக்கி ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி வைக்கப்பட்டது. அந்த இடம் மரத்தில் குடைந்தது. எந்தப் பிக்கப்பை வாங்கிப் போட்டாலும் அது நகராது.

ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் வேறு கம்பெனியில் வாங்கலாமா என்று கேட்டேன். பெரியவர் முள் மீட்டரை எடுத்து, பிக்கப் ஒயரில் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் காந்தத்தில் ஒட்டி விலக்கினார். முள் வலப்பக்கம் துள்ளியது. இன்னொன்றில் இடப்பக்கம். அப்படியே இணைத்தால் இரண்டும் சேரும்போது கீழ் ஒலி காணாமல் போகும். ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும், உலோக உறை இல்லாத பிக்கப்பாக இருந்தால். சோடியாக வாங்குவதுதான் எளிது.

தம்பி ஸ்ப்ளிட் சோடிக்கு முன்பணம் கொடுத்தார். நீங்கள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் பழையதைக் கழற்றி மில்லிமீட்டரில் அளந்துவிடுங்கள். ஜாஸ் பேஸில் நெக் பக்கத்துப் பிக்கப், பிரிட்ஜ் பக்கத்தைவிட 2, 3 மில்லிமீட்டர் குட்டை. சில மலிவு நகல்களில் இரண்டும் ஒரே நீளம். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 250கே என்று இருக்கிறதா, 25கே என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலாவது சாதாரணப் பிக்கப்புக்கு, இரண்டாவது ஆக்டிவுக்கு.