உயிர் தப்பினதே போதும் என்று கையொப்பம் வைக்காதேங்கோ

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் எங்களைக் காணும் பெற்றோர் எல்லாரும் "ரீச்சர், நானாவுக்கு இப்ப எப்படி? டிப்பர்காரர் காசு தந்தவையா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. நடந்ததை முழுதாகச் சொன்னால் வேறொரு குடும்பத்துக்கு உதவும் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு சம்பளம் பாடசாலையிலிருந்து வருகிறது. மற்ற வருமானம் இவருடைய தையல் மெஷினிலிருந்து வருகிறது. போன வருசத்துக்கு முந்தின வருசம், ஒரு மஃரிப் நேரம், முறிகண்டிப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய இவரைப் பின்னால் வந்த டிப்பர் ஒன்று தட்டிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அங்கே சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். மிதிக்கிற மெஷினை ஓட்டுகிற கால் அது.

துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த கிழமையே வாகன உரிமையாளரின் ஆட்கள் வந்தார்கள். பழங்கள், ஒரு பிஸ்கட் பெட்டி, 25,000 ரூபாய், அதோடு ஒரு தாள். "இனி இவ்விபத்து தொடர்பில் எமக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று தட்டச்சுச் செய்திருந்தது. "பெடியன் குடும்பக்காரன் ரீச்சர், லைசென்ஸ் போயிடும். நானா உயிர் தப்பினதே பெரிய காரியம். இதோட முடிப்பம்" என்றார்கள்.

உண்மையைச் சொன்னால், நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். 1996இல் கிளிநொச்சி நகரமே பெயர்ந்து வந்தபோது இடம் கொடுத்த ஊர் ஸ்கந்தபுரம். இங்குள்ள எல்லாருக்கும் பலமுறை எல்லாம் போயிருக்கிறது. யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. "உயிர் தப்பினதே போதும்" என்ற சொல் எங்கள் வாயில் அப்படித்தான் ஊறியது. அந்தக் காலத்துக்கு அது சரி. ஒரு வாகன விபத்துக்கு அது சரியில்லை. இதற்குக் கேட்க இடம் இருக்கிறது.

பேனை கையில் இருக்கும்போது எங்களிடம் படித்த ஒரு பிள்ளை தொலைபேசியில் சுகம் விசாரித்தது. இப்போது ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறது. விசயத்தைக் கேட்டதும், "ரீச்சர், கால் முழுசாச் சுகமாகுமா எண்டு டொக்டர் சொல்லாமல் எதிலயும் கையொப்பம் வையாதேங்கோ" என்றது. வைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று இரண்டாவது சத்திரசிகிச்சை செய்தார்கள். அன்று கையொப்பம் வைத்திருந்தால் அந்த 25,000 ரூபாயோடு கதை முடிந்திருக்கும்.

சாரதித் தம்பி பிறகு தாயோடு வந்து அழுதார். இவர் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார். மன்னிப்பது எங்கள் கையில் உள்ளது, கொடுத்துவிட்டோம். ஆனால் நட்டஈடு அந்தத் தம்பியின் சோற்றுப் பானையிலிருந்து வரவேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். உரிமையாளர் வருசா வருசம் கட்டுகிற அந்தக் காசு, இப்படி அடிபடுகிற மூன்றாம் ஆளுக்காகத்தான். ஏழைச் சாரதியைக் காட்டி எங்கள் வாயை மூடவைப்பதில் மிச்சம் பிடிப்பவர் அந்த ஏழை இல்லை.

இன்னொரு தவறான எண்ணமும் எங்களுக்கு இருந்தது. பொலிஸ் வழக்குப் போட்டு, சாரதி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டினார். அதோடு நீதி கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போவது. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் உத்தரவிடலாம், ஆனால் முழு இழப்பையும் கேட்கிற இடம் மாவட்ட நீதிமன்றம். அதற்குக் கால எல்லை உண்டு. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்றின்படி இப்படியான வழக்கை 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பொலிஸ் வழக்கு நடக்கிறது என்பதற்காக அந்த 2 வருடம் நீளாது.

தமிழ்நாட்டுச் செய்திகளில் விபத்து நட்டஈடு கொடுக்காததால் அரச பேருந்தை ஜப்தி செய்ததைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் இதற்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. சாதாரண சிவில் வழக்குத்தான். மற்றவரின் கவலையீனத்தையும் எங்கள் இழப்பையும் நாங்களே நிரூபிக்க வேண்டும்.

இழப்பைக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. சிகிச்சை இலவசம், அதனால் ஆஸ்பத்திரி பில் இல்லை. ரீச்சர் எடுத்த சம்பளமற்ற லீவுக்கு வலயக் கல்வி அலுவலகக் கடிதம் இருந்தது. கிளினிக்குக்குப் போக முச்சக்கரவண்டி 11 தரம், தரம் 3,500 ரூபாய், மொத்தம் 38,500. அதற்கு வண்டிக்காரத் தம்பி எழுதித் தந்தார். வட்டிக்கு அடகு வைக்க மனம் வராமல் ஒரு சோடிக் காப்பை விற்றோம், நகைக்கடைத் துண்டு இருந்தது. ஆனால் படுத்துக் கிடந்தவருடைய உழைப்புக்கு? சம்பளப் பட்டியல் இல்லை, வங்கிக் கணக்கில் எதுவும் விழுவதில்லை. உண்மையில் மிகப் பெரிய இழப்பு அதுதான்.

கடைசியில் கைகொடுத்தது இவருடைய அளவுக் கொப்பி. பிள்ளையின் பெயர், இடுப்பளவு, கை நீளம், கொடுத்த திகதி, வாங்கிய காசு எல்லாம் அதில் உண்டு. பாடசாலை தொடங்குமுன் வருகிற சீசனில் முந்தின வருடம் 140 சீருடை தைத்திருந்தார். ஒன்றுக்கு 900 ரூபாய்படி 126,000. நூல், பொத்தான், சிப் செலவு 26,000ஐக் கழித்தோம். கணிதம் படிப்பிக்கிறவர்கள் கூட்டிக் காட்டக் கூடாது. மிச்சம் 100,000. அந்தச் சீசன் முழுதும் இவர் கட்டிலில் கிடந்தார். பழுப்பேறிய 40 பக்கக் கொப்பிதான் எங்கள் பெரிய சாட்சி.

சட்டத்தரணி கோரிக்கைக் கடிதம் அனுப்பினார், காப்புறுதி நிறுவனத்துக்கும் பிரதி போனது. அவர்கள் முதலில் சொன்னது எங்கள் பிழையை. சைக்கிளின் பின் லைற் எரியவில்லை என்று பொலிஸ் குறிப்பில் இருந்தது, அது உண்மையும்கூட. 1968ஆம் ஆண்டின் சட்டப்படி எங்கள் பங்குப் பிழைக்கு ஏற்ப நட்டஈடு குறையும். ஒரு பல்ப் மாற்றாமல் விட்டதன் விலை அது. பல மாதம் இழுத்து, வழக்குப் போடுமுன் பேசித் தீர்ந்தது. இழந்ததைவிடக் குறைவு, அந்த முதல் தாளில் இருந்ததைவிடப் பல மடங்கு. அல்ஹம்துலில்லாஹ்.

இனி உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வையுங்கள். மோதிய வாகனத்தின் இலக்கத்தோடு அதன் காப்புறுதி விபரத்தையும் கேட்டு எழுதுங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, பஸ் ரிக்கற் எதையும் எறியாதீர்கள். வழக்குப் போடுவதென்றால் அதற்கு முன்போ, போட்டு 7 நாளுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் போகவேண்டும். வசதி இல்லாதவர்களுக்கு 1978இல் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மோதிவிட்டு ஓடிய வாகனம் என்றால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய பேரவையிடம் விண்ணப்பிக்கலாம். அரச உத்தியோகத்தர்களே, அக்ரஹார காப்புறுதி உங்கள் துணைவருக்கும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேசன் வேலை, வயல் கூலி, மீன் வியாபாரம், அப்பம் சுட்டு விற்கிறது என்று எது செய்தாலும் ஒரு கொப்பி போடுங்கள். அன்றன்றைய வரவை எழுதுங்கள். உங்கள் உழைப்பை நீங்களே எழுதாவிட்டால், ஒருநாள் "நீ என்ன உழைத்தாய்?" என்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கொப்பியைக் கொண்டு பாடசாலைப் பக்கம் வந்தால் நாங்களும் கோடு போட்டுத் தருவோம்.

இவர் இன்னும் சற்று நொண்டித்தான் நடக்கிறார். வலது காலால் மிதிக்க முடியாது. வந்த காசில் முதல் வேலையாக மெஷினுக்கு மோட்டார் பூட்டினோம். அடுத்தது பின் லைற். சீருடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் வரலாம், கொப்பி புதிது வாங்கியாச்சு.