கோல் காத்த தங்கராஜ்

கோடையில் காவிரி வற்றியதும் திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடைப்பட்ட மணற்பரப்பு பந்தாடும் சிறுவர்க்கு உரியதாகிவிடும். இரு செங்கற்களை வைத்தால் அதுவே கோல். ஓட இயலாதவனையோ, வயதில் இளையவனையோ அதன் முன் நிறுத்திவிட்டு ஏனையோர் முன்னே பாய்வது நம் ஊர் வழக்கம். கோல் காப்பது எஞ்சியவன் வேலை என்றே நாம் கருதி வந்துள்ளோம். பீட்டர் தங்கராஜின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

தமிழ்ப்பெயர் தாங்கிய தங்கராஜ் 1935இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடினார். தொடக்கத்தில் அவர் கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர். பின்னரே கோல் காக்க வந்தார். ஆறடியைக் கடந்த உயரமும் நீண்ட கரங்களும் அங்கேதான் பயன் கண்டன. அம்மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் அணிகளிலும் அவர் இடம்பெற்றார். ரோமில் பிரான்சுடன் இந்தியா 1-1 எனச் சமன் செய்தது.

1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை நம் பெரியோர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. கிறித்தவரான தங்கராஜ் அக்கழகத்தின் கோலையும் காத்தார் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கழகங்களுக்கும் பின்னர் ஆடினார்.

எனினும் அவரை நாம் நினைக்க வேண்டிய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். எதிரணி, முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என வீழ்த்திய தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்தியப் பிரதிநிதி கண்டித்ததால் சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. நமக்காகக் கைதட்டியோர் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களே என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். (அண்டை வீட்டார் உறவு அத்தகையது!) பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத் ஆசிரியர், புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அரையிறுதியில் கோல் காத்தவர் பர்மன். ரஹீமோ, காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த தங்கராஜை இறுதியாட்டத்துக்கு அழைத்தார். தலையில் காயம்பட்ட ஜர்னெய்ல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். வென்றுகொண்டிருந்த அணியில் கோல் காப்பவரை மாற்ற எத்துணைத் துணிவு வேண்டும்!

முதல் இருபது நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜியும் ஜர்னெய்லும் இரு கோல்கள் போட்டனர். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கொரியரைத் தடுத்து நிற்கும் பொறுப்பு தங்கராஜுக்கும் தடுப்பாளர்களுக்கும் உரியதாயிற்று. கொரியர் ஒரு கோலைப் போட்டபோது ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. 2-1, தங்கம் நமதாயிற்று. கோல் போட்ட இருவர் பெயரையும் பதிவேடுகள் தவறாது கூறும். கோலாகாமல் போனவற்றை எந்தப் பதிவேடு கணக்கிடும்?

ரஹீம் அடுத்த ஆண்டே மறைந்தார். தங்கராஜுக்கு 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் வாய்க்கவே இல்லை.