பட்டி காயட்டும், பெயின்ட் பொறுக்கட்டும்

வெள்ளகோவில் பக்கம் பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடை. முறை வைத்து வரும் தண்ணீரை நம்பித்தான் தென்னையும் மக்காச்சோளமும். அந்த ஊரில் பரிசலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பண்ணைக்குட்டை வந்த பிறகு அதற்கும் வேலை வந்துவிட்டது.

அங்கே ஒரு விவசாயி, குட்டையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தண்ணீரைத் தேக்கி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார். தீவனம் போடவும் வலை இழுக்கவும் மேட்டூர் பக்கமிருந்து பழைய ஃபைபர் பரிசல் ஒன்றை வாங்கி வந்தார். அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். கார் பட்டறையில் மீந்த பட்டியை வாங்கி அப்பினார். மதியம் தேய்த்தார், சாயங்காலம் பெயின்ட் அடித்தார். மறுநாள் பரிசல் புதுசு போல மின்னியது.

“ஏனுங்க, மின்னறது சரிங்க. தண்ணி உள்ள வராதுங்களா?” என்று கேட்டார் மனைவி. அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கரையிலிருந்த வேப்பமரத்தில் கட்டி, மறுமுனையைக் குட்டைக்குள் விட்டு வைத்தார்.

மூன்றாம் மாதம் பெயின்ட் கொப்புளம் கட்டியது. ஒரு நாள் மகன் நடுக்குட்டையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது பட்டி பெயர்ந்து, பரிசலில் தண்ணீர் நிறைந்தது. பையனுக்கு நீச்சல் தெரியும். ஆனால் கரைக்கு வந்தும் மேலே ஏற முடியவில்லை. பாசி பிடித்த ஷீட் வழுக்கியது. அம்மா கட்டிய கயிறுதான் கைக்கு அகப்பட்டது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

மேட்டூரில் ஃபைபர் வேலை பார்க்கும் ஒருவர் வந்து பார்த்தார். “ஏனுங்ணா, கார் பட்டி காருக்குத்தானுங்க. அது தண்ணிய உறிஞ்சும். ஈரம் காயறதுக்குள்ள மேல மூடியும் போட்டீங்க” என்றார்.

இந்த முறை அவசரப்படவில்லை. பரிசலை நிழலில் கவிழ்த்துப் பத்து நாள் காயவிட்டார்கள். பழைய பெயின்டையும் பட்டியையும் சுத்தமாகச் சுரண்டி, விரிசலின் இரு ஓரங்களையும் அகலமாகச் சரித்துத் தேய்த்தார்கள். கண்ணாடி இழைத் துணியை எபாக்சியில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினார்கள். பலம் தருவது இந்தத் துணிதான். பட்டி மேடு பள்ளத்தை நிரவ மட்டுமே.

எபாக்சிப் பட்டிக்கு ஹார்டனரை டப்பாவில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் சரியாக இறுகாது. மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடேறிப் பாத்திரத்திலேயே கட்டியாகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசினார்கள்.

மறுநாள் தொட்டால் மேலே மெழுகு போல வழவழப்பு. அதோடு தேய்த்தால் பிசுக்கு உள்ளே அழுந்தி, பெயின்ட் பிடிக்காது. தண்ணீர் ஊற்றிப் பாத்திரம் தேய்க்கும் நாரால் கழுவி, உலர்ந்த பிறகே உப்புத்தாளை எடுத்தார்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் இன்னும் பள்ளமாகும். வளையக்கூடிய மெல்லிய பலகைத் துண்டில் தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்தார்கள். முதலில் 80, பிறகு 120, கடைசியில் 220 நம்பர் தாள். இடையில் பென்சிலால் மேலெல்லாம் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கோடு அழியாமல் நிற்கும் இடம்தான் பள்ளம். அங்கே மறுபடி பட்டி. ஊசித்துளி ஓட்டைகளுக்கும் அப்படியே. தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு எபாக்சி பிரைமர். எபாக்சி வெயில் தாங்காது என்பதால் அதற்கு மேல் பாலியூரித்தேன் பெயின்ட். வேலை முடிய மூன்று வாரம் ஆனது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பெயின்ட் கண்ணுக்கு, அடியில் இருக்கிற வேலைதான் உயிருக்கு. பரிசல் இப்போது சொட்டு ஒழுகுவதில்லை. ஆனாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை. குட்டையின் நாலு பக்கமும் இப்போது முடிச்சுக் கயிறு தொங்குகிறது. மற்ற மூன்றையும் கட்டியது அப்பா.